ஐந்து மச்சான்கள்

“மாப்பிள்ளை, எங்க தங்கச்சியைப் பட்டினி போடறியாமே?”

மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே பெரிய மச்சான் ஒபுரா கத்தினார். பின்னால் நான்கு தம்பிகள். ஐந்து பேரும் ஏரியிலிருந்து கரையேறிய நீர்யானைகள் மாதிரி இருந்தார்கள். கென்யாவில், ஹோமா பே பக்கத்தில் பெண் வீட்டு அண்ணன்மார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் அது விருந்துக்கு இல்லை. மாப்பிள்ளை ஒகோலா அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“பட்டினியா? என்னைவிட ரெண்டு கவளம் உகாலிக் களி கூடத்தான் சாப்பிடறா, மச்சான்!”

“அப்புறம் ஏன் பாதியா இளைச்சுக் கெடக்கா?”

வாசலில் நின்ற அவன் மனைவி அக்கேயோவின் பாவாடை, ஊக்கு குத்தியதால்தான் இடுப்பில் நின்றது.

“அரசாங்கம் அவளைச் சுகாதாரத் தொண்டரா போட்டிருக்குல்ல? சர்க்கரை வராம இருக்கணும், கொதிப்பு வராம இருக்கணும்னு தினம் வீடு வீடா ஏறி இறங்கறா. நடந்து நடந்து இளைச்சுட்டா.”

“கதை விடாதே! எங்கப்பாவும்தான் சந்தைக்கு நடந்தே போனாரு. பக்கவாதம் வந்து விழற வரைக்கும் தொப்பை இம்மி குறையலியே!”

“யாரு மச்சான் உங்ககிட்ட இப்படிச் சொன்னது?”

“தெரியாத நம்பர்லேருந்து பேர் போடாம செல்போன்ல சேதி வந்துச்சு.”

ஒகோலா பக்கத்து வீட்டு வேலியை முறைத்தான்.

“நீ பரிசமாக் குடுத்த பன்னெண்டு மாட்டையும் நாளைக்கே ஓட்டிட்டு வந்து கட்டிடறோம். அக்கேயோ, பையை எடு, கெளம்பு!”

அவள் உடனே உள்ளே போனாள். அதைத்தான் ஒகோலாவால் தாங்க முடியவில்லை. மாடு யாருக்கு வேண்டும்? அவள் இல்லாத வீட்டில் அவன் யாரோடு சண்டை போடுவான்? கண் கலங்கிவிட்டது.

அவள் பையோடு வந்தாள். நாற்காலியில் வைத்து ஜிப்பை இழுத்தாள். உள்ளே துணிமணி இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது.

“உக்காருண்ணே. கையை நீட்டு.”

“இப்ப எதுக்கு இது?”

“அப்பா விழுந்தப்ப நாப்பத்தெட்டு வயசு. உனக்கு இப்ப நாப்பத்தேழு. பரிசோதனை முகாமுக்கு வாங்கன்னு மூணு தடவை ஆள் விட்டேன், ஒருத்தர் எட்டிப் பாக்கலை. புருஷன் பட்டினி போடறான்னு ஒரே ஒரு சேதிதான் அனுப்பினேன், அஞ்சு பேரும் பறந்து வந்துட்டீங்க!”