அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

“எங்கப்பா என்ன, உங்க கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேனா?”

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஷூ மாட்டக் குனிந்த கணவன் நிமிரவே இல்லை.

“சொல்லுங்க. வீட்டுல வேற இடமே இல்லையா? அவர் கட்டிலுக்குப் பக்கத்துலதான் அதைக் கொண்டுபோய் வைக்கணுமா?”

“ஹால்ல வச்சா குழந்தை ஒயரைப் பிடிச்சு இழுப்பா. நம்ம ரூம்ல வச்சா சத்தம்னு நீ குதிப்பே.”

“அப்ப எங்கப்பாவுக்குக் காது இல்லையா?”

“மாமா ஒண்ணும் சொல்லலையே…”

“எப்படிச் சொல்லுவார்? மகள் வீட்டுக்கு வந்து இருக்கிற மனுஷன் வாயைத் திறப்பாரா? சாயங்காலம் வாங்க, பேசிக்கலாம். ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்.”

“பஸ் வந்துரும்” என்று அவன் நழுவிவிட்டான்.

அந்தக் கம்ப்யூட்டர் அவன் ஒவ்வொரு சாமானாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, கடைக்காரரோடு உட்கார்ந்து பூட்டியது. பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே ஆறு ஃபேன், இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, ராட்டினம் மாதிரி கலர் கலராக விளக்கு. ஞாயிற்றுக்கிழமை கேம் விளையாடலாமாம். மற்ற நாளெல்லாம் அது தானாகவே கணக்குப் போட்டு, பிட்காயின் மாதிரி ஏதோ காயின் எடுக்குமாம்; விற்றால் காசாம். கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத காயின்.

‘இல்லாத காயினுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!’

அவளுக்கு அப்பாவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. குளிர்காலம் தொடங்கியபோது இவர்களோடு இருக்க வந்தவர். எரிகிற சுவிட்சைக் கண்டால் அணைக்காமல் விடமாட்டார். அவள் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே பாத்ரூம் விளக்கை அணைத்திருக்கிறார். ஆசையாக வாங்கி வைத்த ஹீட்டரைக்கூட, “ஒத்தை ஆளுக்கு இவ்வளவு கரண்டா? நான் என்ன கிழவனா?” என்று தூக்கி வெளியே வைத்துவிட்டார்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய்க் கணவன், “மாமா, இது அடைகாக்குற கோழி மாதிரி. நடுவுல எழுப்பினா அத்தனையும் போச்சு. நீங்கதான் பார்த்துக்கணும்” என்று சொல்லிவைத்தான்.

அவ்வளவுதான். அவள் தூசி துடைக்கப் போனாலே, “துணியை எடு! ஒயர்ல படப்போகுது!” என்று அப்பா பதறுகிறார். மாப்பிள்ளை மனசு கோணக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார், பாவம். அவளுக்குத் தெரியாதா அவரை?

அப்பா முடிவெட்டக் கிளம்பியதுதான் தாமதம். கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, உடனே வந்து அதைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

கடைக்காரர் வந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் திரையைத் தட்டிப் பார்த்தவர், சிரித்துவிட்டார்.

“ஏம்மா, சார் காயின் எடுக்கிறதை விட்டுட்டாரா?”

“ஏன் கேக்குறீங்க?”

“அந்த புரோகிராமே இதுல இல்ல. இப்ப ஓடுறது எங்க சோதனை புரோகிராம். புதுசா பூட்டின மிஷின் எவ்வளவு சூடு தாங்கும்னு பார்க்க, கடையில அரை மணி நேரம் ஓட்டுவோம். இதுக்கு வேற வேலையே கிடையாது. சும்மா சூடாகும், அவ்வளவுதான். இங்க என்னடான்னா ஆறு வாரமா ஓடுது!”

அவள் ஃபேனுக்கு முன்னால் கையை நீட்டினாள். கதகதவென்ற காற்று நேராக அப்பாவின் கட்டிலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தாள்.

“ஏங்க… காயின் எடுக்கலையா நீங்க?”



“எடுத்தேன். கரண்டுக்கே கட்டலை, ரெண்டு நாள்ல விட்டுட்டேன். ஆனா குளிர் வந்ததுலேர்ந்து ராத்திரியெல்லாம் இருமிட்டிருந்த மாமா, அந்தச் சூட்டுல ரெண்டு நாளும் இருமவே இல்ல. கவனிச்சியா?”

அவள் கவனிக்கவில்லை.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“உங்கிட்டயா? அன்னிக்கே போய், ‘எம் புருஷன் எவ்வளவு தங்கமானவர் பாத்தீங்களாப்பா’ன்னு ஆரம்பிச்சிருப்பே. அடுத்த நிமிஷம் அவர் சுவிட்சை அணைச்சிருப்பார்.”

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்தார். “அப்ப கழட்டிடலாமாம்மா?”

“தொட்டுத்தான் பாருங்களேன்!”

அவர் படி இறங்கும்போது அப்பா ஏறி வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

“அவன் எதுக்கு வந்தான்?”

“சும்மாப்பா… தூசி தட்ட.”

“ஏதாவது உளறினானா?”

“என்ன உளற?”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “காயினும் இல்ல, ஒரு மண்ணும் இல்லங்கிறதை. மாப்பிள்ளை யாருக்கோ போன்ல சொல்லிட்டிருந்தார். கேட்டு ஒரு மாசமாச்சு.”

அவள் மறுபடி போனை எடுத்தாள்.

“இப்பவே அவர்கிட்ட சொல்லிடறேன்ப்பா. அவரைக் காலையில என்னென்ன பேசிட்டேன்…”

“மூச்சு விடாதே! எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா நான் வீம்புக்காவது அணைச்சாகணும். அப்புறம் பாவம், அந்த மனுஷன் இன்னொரு பொய்க்கு எங்கே போவார்?”