தமயந்தியின் குப்பை மெயில்

"கோகுல், இன்னைக்கும் பெட்டி நிறையக் குப்பை வந்து கெடக்குங்க. வெரசா வாங்க!"

இன்டர்காமில் தமயந்தியின் குரல் கேட்டதும் கோகுல் மாடிப்படியில் தாவினான். கொடைக்கானல் ஏரியைப் பார்த்தபடி இருந்த அந்த விடுதியில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. அறை முன்பதிவு அவள் பொறுப்பு.

அவள் மேசையருகே ஜன்னல் திறந்திருந்தது. மலையின் மஞ்சு பனிமூட்டமாய் உள்ளே வந்து உலாவிக்கொண்டிருந்தது. அந்த மூட்டத்துக்குள் தமயந்தி பாதி தெரிந்தாள், பாதி தெரியவில்லை. கோகுலுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"முடி வளர எண்ணெய்... உடம்பு இளைக்க மாத்திரை... லாட்டரியில எனக்குப் பரிசாம்!"

அவள் வாசித்து வாசித்துச் சிரித்தாள். அவன் ஒவ்வொன்றாக அழித்தான். மொத்தமாக அழிக்கவும் வழி உண்டு. அதைப் பற்றி அவன் மூச்சு விட்டதே இல்லை.

"ஏங்க, மத்தவங்களுக்கு ஒண்ணும் வரலையாமே. எனக்கு மட்டும் ஏன்?"

"அதாங்க எனக்கும் புரியல," என்றான் கூசாமல்.

புரியாமல் என்ன? ஸ்பாம் தடுக்கும் ஃபில்டரிலிருந்து அவள் பெட்டியை மட்டும் விலக்கி வைத்ததே இந்தத் திருடன்தான். தினம் ஒரு தடவை அவள் பக்கத்தில் நிற்க அவனுக்கு வேறு சாக்கு இல்லை.

"நேத்து இந்தக் குப்பைக்குள்ள ஒரு புக்கிங் மெயிலக் கவனிக்காம விட்டுட்டேங்க. குடும்பத்தோட வந்தவங்க ரூம் இல்லாமத் திரும்பிட்டாங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வர வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

கோகுல் மீதிக் குப்பையை அப்படியே விட்டுத் திரும்பினான். கீழே போன வேகத்தில் அவள் பெட்டியையும் ஃபில்டருக்குள் சேர்த்துவிட்டான். அவள் வேலை தப்பியது. அவன் சந்தோஷம்தான் போயிற்று.

மறுநாள் இன்டர்காம் வாயே திறக்கவில்லை. மலை முழுக்க மஞ்சுக்குள் உறங்கிக் கிடந்தது. இனி எதைச் சொல்லி மாடிக்குப் போவது என்று ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

மதியம் இன்டர்காம் மணி அடித்தது.

"கோகுல், ஒண்ணு வந்துருக்குங்க!"

பதறி ஓடினான். இவ்வளவு அடைத்தும் எது நுழைந்தது? திரையில் ஒரே ஒரு மெயில். அனுப்பியவர் தமயந்தி. பெறுபவரும் தமயந்தி.

"ஆபீசுக்குள்ளயே அனுப்பிக்கிட்டா ஃபில்டர் தடுக்காதாமே," என்றாள் சிவந்த முகத்தோடு. "நான் வேற என்ன செய்ய? நெட்டுல கண்ட விளம்பரக்காரனுக்கெல்லாம் தேடித் தேடி என் முகவரியக் குடுத்து வச்சிருந்தேன். நேத்து அத்தனை பேரையும் ஒரேயடியா அடைச்சிட்டீங்களேங்க!"