மீனுக்கு வெள்ளை

ஜெயபாண்டி பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கியதும் ரோஸ்மேரி இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பொண்டாட்டி பயப்படுவது அவனுக்கு எப்போதுமே பிடிக்கும்.

“என்னடி இது, அடுப்படியில சரக்கு?”

“வெள்ளை ஒயினு. சமையலுக்கு வாங்கிக் குடுத்தது, தொடாதீக,” என்றாள். “மத்தியானம் பனியன் வாங்குற இத்தாலிக்காரவுக சாப்பிட வாராகள்ல. மீனுக்கு வெள்ளை, ஆட்டுக்கறிக்குச் செவப்புன்னு சின்ன முதலாளியம்மா சொல்லிக் குடுத்தாக. இதுலயே மீன வேக வச்சு, இதையே கிளாஸ்லயும் ஊத்தணுமாம்.”

“அப்ப மீனைத் தின்னாலே போதை ஏறிரும்.”

“ஏறாது. கொதிச்சா அதெல்லாம் ஆவியாப் போயிருமாம். ருசி மட்டுந்தான் நிக்கும்.”

அவன் பாட்டிலை மோந்து பார்த்தான். நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் மேடைமேல் டக்கென்று வைத்துவிட்டு நகர்ந்தான்.

ஐந்து மாதமாக அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. பனியன் கம்பெனி முதலாளி தங்கராஜின் கண்முன்னால் தினமும் குடியை நிறுத்தும் மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கெஸ்ட் ஹவுஸ் கேட்டில் காவலுக்கு உட்காருவான். மாத்திரை உடம்பில் இருக்கும்போது சரக்கு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து, இருமல் மருந்துகூட ஆகாது என்று டாக்டர் மிரட்டி அனுப்பியிருந்தார்.

குடி நின்றது, கை நிற்கவில்லை. போன மாதம் அவள் சுண்டுவிரலை ஒடித்தான். கட்டுப் போட்ட கையோடு அவள் தங்கராஜிடம் போய் அழுதாள்.

“குடிய உட்டுட்டானல்லொ கண்ணு, அதுவே பெரிய விசயம். கொஞ்சம் அனுசரிச்சுப் போ,” என்றார் முதலாளி. “இனி ஒரு சொட்டுத் தொட்டான்னு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய தள்ளிப்போடறேன். வேலையும் ஊடும் உனக்குத்தான். அவன் இந்தப் பக்கமே தல காட்ட முடியாது.”

வாசலில் நின்று கேட்ட ஜெயபாண்டிக்கு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. குடிக்கக் கூடாது, அவ்வளவுதானே. அடிப்பதைப் பற்றித்தான் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே.

உள்ளே விருந்தாளிகள் மீனைத் தின்று சப்புக்கொட்டிக்கொண்டிருந்தபோது, ரோஸ்மேரி பின்கட்டில் அவனுக்குத் தட்டு வைத்தாள். அவனுக்கென்று தனியாக வைத்த மீன்குழம்பு. மூக்கில் தண்ணீர் ஒழுகும் அளவுக்குக் காரம்.

“ஏன்டி கொழம்பு சூடே இல்ல?”

“அப்பவே எறக்கி வச்சிட்டேன்.”

“புளிப்பும் ஒரு தினுசா இருக்கு?”

“புதுப் புளி.”

குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கித் தின்றான். குழம்பைக் குடிக்காத குறையாகத் தட்டை வழித்தான். பிறகு கை கழுவிய ஈரத்தோடு அவளை அறைந்தான்.

அவள் கத்தவில்லை. உள்ளே விருந்தாளிகள் இருந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று. கொண்டையைப் பிடித்து அலமாரியில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் சேலையில் சொட்டியது. கீழே சரிந்தவளை விலாவில் ஓங்கி மிதித்தான்.

“சூடாச் சோறு போடத் துப்பில்ல, உனக்கு வெள்ளக்காரன் சமையல் ஒரு கேடா?”

கேட்டுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அவன் முகம் காந்தத் தொடங்கியது. நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டது. கண் இருட்டியது. எழுந்து ஓட முயன்றவன், விருந்தாளிகள் ஏறப்போன கார்ச் சக்கரத்தின் மேலேயே வாந்தி எடுத்துக் குப்புற விழுந்தான்.

வழியனுப்ப வந்த தங்கராஜ் குனிந்தார். வாந்தியில் அடித்த சரக்கு வாடை அவர் மூக்கில் ஏறியதும் முகம் சுருங்கியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் ஜெயபாண்டிக்குக் கண் தெளிந்தது. ரத்தத்தில் சரக்கு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் போயிருப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

“எங்காத்தா மேல சத்தியமா நான் குடிக்கல மொதலாளி.”

“ரத்தமே சொல்லுது, அப்புறம் உன்ற சத்தியம் எதுக்கு?” தங்கராஜ் ரோஸ்மேரியின் பக்கம் கை நீட்டினார். “அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு. குடிச்சுப்போட்டுத்தான் இப்படி அடிச்சு வச்சிருக்கறே. எந்திரிச்சு நடக்க முடிஞ்சதும் ஊரப் பாக்கப் போயிரு. கெஸ்ட் ஹவுஸ் பக்கம் வந்தீன்னா போலீசுல புடிச்சுக் குடுத்துப்போடுவேன்.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினார். ஜெயபாண்டிக்கு நிஜமாகவே அழுகை வந்தது. எத்தனையோ பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு, உண்மையைச் சொன்ன ஒரே நாளில் நம்ப ஆளில்லாமல் போயிற்று. கட்டிலருகே நின்ற ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ரோசு, நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? நான் குடிக்கலன்னு நீயாச்சும் அவருட்டச் சொல்லு.”

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல்முறையாக அவன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நீ குடிக்கல. தின்னுருக்க.”