எத்தனை தலையணை

ஆரணி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஊசி போட்ட பிறகு, நெசவாளி சிவப்பிரகாசத்துக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. வார்டில் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டும். டாக்டரம்மா கேள்வி கேட்க, புருஷனைப் பேசவிடாமல் கன்னியம்மாளே முந்திக்கொண்டாள்.

“கால் வீங்குதா?”

“தறிக்குழியில நாளெல்லாம் காலைத் தொங்கப் போட்டுகினு இருந்தா, யாருக்குத்தாங்க வீங்காது?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்திருக்கிறாரா?”

“அய்யே, இல்லீங்க. இவரு குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும்.”

“படுத்தா மூச்சு விட முடியலன்னு தலையணையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிறாரா?”

“ஒண்ணுகூட வெக்கிறதில்லீங்க!”

சிவப்பிரகாசம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீங்க பேசாதீங்க, மறுபடியும் மூச்சு வாங்கும்” என்று அடக்கினாள்.

“அப்ப பெரிசா பயமில்லை. மாத்திரை எழுதித் தர்றேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஜல்தி சட்டையைப் போடுங்க” என்றாள்.

மறுநாள் காலை வாசலில் சாவு மேளம் கொட்டியது. கட்டிக்கொண்டு அழ வந்த அக்காவிடம் கன்னியம்மாள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்:

“முகூர்த்தப் புடவை முடியணும்னு, ஒரு மாசமா தறிக்கம்பத்துல சாஞ்சி உக்காந்துகினேதான் தூங்கினாருக்கா. டாக்டரே அனுப்பிட்டாங்களேன்னு, நேத்து நான்தான் வம்படியா பாய் விரிச்சிப் படுக்க வெச்சேன்!”