வலது பக்கம் காலி

"ஷட்டரை இன்னும் கொஞ்சம் எறக்குங்கக்கா! ஊரே ரோட்ல ஒக்காந்துகினு இருக்குது."

மறைப்புத் துணிக்குப் பின்னாலிருந்து அம்சவள்ளி கத்தினாள். அந்தத் தை மாதம் ஊருக்கு ஊர் இடஒதுக்கீட்டுப் போராட்டம். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் மறியல். அம்சவள்ளி ஊர் திரும்பவேண்டிய மூங்கில்துறைப்பட்டு பஸ் எப்போது கிளம்புமோ தெரியாது. ஜீனத்துன்னிசா தன் உள்ளாடைக் கடை ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டாள்.

புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்து, வயிற்றுச் சதையை வைத்துப் புதிதாக அமைத்து எட்டு மாதமாகிறது அம்சவள்ளிக்கு. அதிலிருந்து எந்த பிராவும் பொருந்தவில்லை. கம்பி குத்தியது, இல்லையென்றால் பட்டை நழுவியது. வெளியே போனால் மேலே ஒரு துண்டு. நாளை மறுநாள் மகள் சுபஸ்ரீக்கு நிச்சயதார்த்தம். தான் சமையல்கட்டை விட்டு வரப்போவதில்லை என்று மகளிடம் சொல்லியே விட்டாள். மகள்தான் அழுது, இந்தக் கடைக்குத் துரத்தியிருந்தாள்.

ஆபரேசன் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட ஜீனத் ஐந்தாவது பிராவை நீட்டினாள். "இதுல கம்பி கெடையாது. ஹூக்கு முன்னாடி. எப்பிடி இருக்குது?"

"எடது பக்கம் கனகச்சிதம். வலது பக்கம் காலிக்கா. வெளிய அவங்க எடம் வேணும்னு கத்துறாங்க, இங்க எடம் சும்மா கெடக்குது!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே கோஷமே ஒரு நொடி நின்றதுபோலிருந்தது.

ஜீனத் மெல்லிய பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்தாள். பச்சைக் குழந்தையைத் தொடுகிற பதமாக அதை வலது பக்கம் செருகினாள்.

"வலிக்குதா தங்கச்சி?"

"இல்லக்கா, கூசுது!"

"கூசுதா? யா அல்லா, உணர்ச்சி வந்துடுச்சே! இனிமே கவலயே இல்ல. போகப்போக அந்தப் பக்கம் மாதிரியே ஆயிடும்."

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"இன்னாடி சிரிப்பு? ஆடாம நில்லு."

ரவிக்கையை மாட்டிக்கொண்டு, துண்டில்லாமல் கண்ணாடி முன் வந்து நின்றாள் அம்சவள்ளி. இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். ஆசை தாங்காமல் ஒரு குதி குதித்தாள். எதுவும் குத்தவில்லை, எதுவும் நழுவவில்லை.

"சம்பந்திங்க முன்னாடி நானே தட்டு தூக்கினு போவேங்கா!"

"ராணி மாதிரி போ. ஆபரேசன் ஆனது எந்தப் பக்கம்னு எவளாச்சும் கண்டுபுடிக்கட்டும் பாக்கலாம்!"

"நீங்களே கண்டுபுடிக்கலியே!" சிரிப்பில் அம்சவள்ளிக்கு மூச்சு வாங்கியது. "டாக்டர் செஞ்சது எடதுக்கா. நீங்க பஞ்சு வெச்சது, ஆண்டவன் குடுத்து நாப்பத்தஞ்சு வருசத்துல வாடிப்போன பழசுக்கு!"