நடுவில் நிற்பவள்

"அப்பா, இன்னைக்கு எதைப் பத்திப் பேசப் போறோம்?"

"பஸ் வந்துடுச்சா?"

மகள் அவருடைய அங்கியின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். "பஸ் இல்லப்பா, ஆராதனை. காணாமப்போன ஆடு. எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"ஆடு," என்றார் போதகர் சமர்த்தாக. பிறகு, "யாரோட ஆடு?"

"இயேசு சொன்ன ஆடுப்பா."

"அப்ப கிடைச்சிருக்கும்," என்று எழுந்துகொண்டார்.

அது காது கேளாதவர்களின் சபை. நாற்பது பேர், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். தொடங்கியவர் அவர்தான். வெகுகாலம் அவரே சைகையில் பிரசங்கம் செய்தார். முதலில் மறந்தவை அவருடைய விரல்கள். அதன்பின் அவர் வாயால் பேச, பக்கத்தில் நின்று மகள் கையால் சொன்னாள். எட்டு மாதமாக வாயும் தடம் மாறுகிறது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கூடத்தில் அவரைத் தவிர, கேட்கிற காது அவளுக்குத்தான் இருந்தது.

வாரநாட்களில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டருக்கும் காது கேளாத நோயாளிக்கும் நடுவில் நிற்பாள். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. தலைவலியைத் தலைசுற்றல் என்று சொன்னால் வேலை போய்விடும். இங்கே, ஞாயிறுதோறும், முழுப் பிரசங்கத்தையும் அவளே இட்டுக்கட்டினாள்.

வேறு வழியில்லை. வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மேடை ஏறினால்தான் முதுகு நிமிரும்.

போன வாரம் சபைச் செயலாளர் அவளை நிறுத்திச் சொல்லியிருந்தார்: "வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் இரு. ஐயாவைப் பத்திப் பேசணும்." அதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

போதகர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"குடையை எங்கேயோ விட்டுட்டேன்," என்று தொடங்கினார்.

'ஒருவனுக்கு நூறு ஆடுகள் இருந்தன,' என்றன அவள் கைகள். 'ஒன்றைக் காணோம்.'

"நல்ல மழை. இவ அம்மா ஆஸ்பத்திரியில. பொண்ணு பொறந்திருக்குன்னு ஆள் வந்து சொல்றான். ஓடறேன். செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. ஒத்தச் செருப்போட ஓடறேன்."

முன்வரிசையில் சிரிப்பு. தன் ஆடு வேலி தாண்டியதற்கு இவ்வளவு சிரிப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அவர் குரல் தழுதழுத்தது. சொந்தக் கதைக்குள் அவர் இப்படி இறங்கும்போதெல்லாம் அவள் அரை அடி முன்னால் வந்து நிற்பாள். எல்லார் கண்ணும் தன் கைமேல் இருக்கட்டும் என்று. இப்போதும் வந்து நின்றாள்.

"கையில வாங்கினேன். இத்துனூண்டு இருந்தா. கீழ போட்டுடுவேனோன்னு பயந்துட்டேன். நர்ஸம்மா, நீங்களே வெச்சுக்குங்கன்னு சொல்லிட்டேன்."

'மேய்ப்பன் அதைத் தோள்மேல் போட்டுக்கொண்டான்,' என்றன கைகள். 'ஊரையே கூப்பிட்டுச் சொன்னான்.'

ஓரத்து வரிசையில் இஸ்திரிக் கடைக்காரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த நாற்காலிக்காரர் மூக்கை உறிஞ்சினார். மகளுக்கு மூச்சு வந்தது. இந்த வாரமும் தப்பித்தாயிற்று.

எல்லாரும் போனபின் செயலாளர் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார். அவர் தையற்காரர். பேசும்போதும் கை வீணாக ஒரு அங்குலம் அசையாது.

"கமிட்டி கூடிப் பேசினோம்," என்றார் கையால். "வர்ற வாரத்துலேர்ந்து ஒரு மாத்தம் பண்ணலாம்னு இருக்கோம்."

அவள் கைகள் முந்திக்கொண்டன. "மாமா, அவருக்குக் கொஞ்சம் மறதி. அவ்வளவுதான். பிரசங்கத்துல ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம். இன்னைக்குப் பாத்தீங்கல்ல, ஓரத்து வரிசையே அழுதுது."

"பாத்தேன்."

"அவரை நிறுத்திடாதீங்க மாமா. அவருக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

தையற்காரர் அவள் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினார். பிறகு விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவரை ஏம்மா நிறுத்தப் போறோம்? உன்னைத்தான் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லப் போறோம்."

"என்னையா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி இங்க சைகையே கிடையாது. உங்கப்பாவுக்கே தெரியாது. ஆளுக்கொரு முகம் பாக்குற கண்ணாடியைக் கையில கொடுத்து, பத்து வருஷம் அவர் எங்களுக்குக் கத்துக்கொடுத்தது உதட்டைப் படிக்க."

அவள் திறந்திருந்த கதவு வழியாக மேடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் ஆட்டுக்கதையும் நல்லாத்தான் இருந்துது," என்றார் தையற்காரர். "ஆனா அவர் உன்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே நீ குறுக்கே வந்து நின்னுக்கறே. இன்னைக்கு உன்னைக் கையில வாங்கினதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாருன்னு, ஓரத்துல இருந்தவங்களைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்."