ஆறு பேருக்குத்தான் ஏ

பேராசிரியர் பியோன் சாரிடமிருந்து பதில் வந்துவிட்டது என்று நாரே கத்தியபோது யேசுல் நான்காவது ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அவசரப்படவில்லை. தான் எழுதிய மெயில் வேலை செய்யாமல் போய்விடுமா என்ன?

மெயில் போனது நாரேயின் பெயரில். எழுதியது யேசுல். வகுப்பில் அவள் அளவுக்கு எழுத ஆள் இல்லை என்பது அவளுடைய தீர்மானமான அபிப்பிராயம். அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

விடுதியின் 407ஆம் அறையில் இருவரும் இரண்டு வருடமாகச் சேர்ந்து இருக்கிறார்கள். நாரே குறட்டை விடுவாள். கேட்காமல் யேசுலின் சாக்ஸை எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஆனாலும் நாரே இல்லாத 407ஐ யேசுலால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சராசரி மதிப்பெண் 3.8க்குக் கீழே போனால் அடுத்த செமஸ்டருக்கு விடுதியில் இடம் கிடையாது. நவீன இலக்கியப் பாடத்துக்குத் தேர்வு இல்லை, ஒரே ஒரு கட்டுரைதான். அதில் நாரே வாங்கிய பி பிளஸ் அவளைக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிட்டது.

யேசுல் ஏ வாங்கியிருந்தாள். அவளும் மயிரிழையில்தான் தப்பித்திருந்தாள். ஆனால் பேச்சு என்னவோ மலை உச்சியில் நிற்கிறவள் பேச்சு.

வகுப்பில் இருபது பேர். அதில் ஆறு பேருக்குத்தான் ஏ. ஏழாவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்கியாக வேண்டும். இறங்கப்போவது யாரோ எவரோ என்பதால் இருவருக்குமே மனசாட்சி பெரிதாக உறுத்தவில்லை.

மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் காரியம் கெட்டது. குளிர் கூடிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். எந்த இடத்தில் குறை வைத்தேன் என்று சொன்னால் இனிமேல் திருத்திக்கொள்வேன் என்று முடிக்க வேண்டும். அதன் அர்த்தம் எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

யேசுல் அதோடு நிற்கவில்லை. நாரேயின் கட்டுரையை முதலிலிருந்து படித்தாள். நடுநடுவே தலையில் அடித்துக்கொண்டாள்.

படகுத்துறையில் ஒரு பெண் நின்றுகொண்டே இருக்கும் கதை அது. அவள் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் வகுப்பே எழுதியிருந்தது. நாரே மட்டும் ஒரு மூலையில், அவளுக்கு வீட்டுக்குப் போக மனசில்லை, அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு, அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு வேறு எங்கோ போயிருந்தாள்.

யேசுல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட நாளில் ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் போகும் பஸ் மூன்றை வேண்டுமென்றே போகவிட்டுவிட்டு நிறுத்தத்தில் நின்ற பெண்ணைப் பற்றி மெயிலில் மூன்று பத்தி எழுதினாள். அந்தப் பெண் யேசுல்தான். இதுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை. நாரேயின் பெயரில் என்பதால் சுலபமாக வந்தது.

யேசுலின் சொந்தக் கட்டுரையில் இதெல்லாம் கிடையாது. அதில் நாற்பத்தொரு அடிக்குறிப்புகள் இருந்தன.

பதிலைப் படி என்று யேசுல் தலையசைத்தாள். நாரே கட்டில்மேல் நின்றுகொண்டு படித்தாள்.

சாருக்கும் சளி பிடித்திருக்கிறதாம். மெயிலைப் பார்த்த பிறகு கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தாராம். அந்த ஒரு வரியை முதலில் கவனிக்காமல் விட்டது தன் தப்பு, கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பி பிளஸ் ஏ ஆகிவிட்டது.

நாரே குதித்த குதியில் கீழ் அறைக்காரி விட்டத்தைத் தட்டினாள். யேசுல் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, இதில் என்ன அதிசயம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் குதிக்க வேண்டும்போல்தான் இருந்தது.

இன்னும் இருக்கிறது என்றாள் நாரே. சாருக்கு எப்போதுமே கொஞ்சம் வாய் நீளம்.

ஏ வரிசையில் கடைசியாக இருந்த கட்டுரையை இறக்க வேண்டியதாகிவிட்டதாம். ஆனால் இந்த மெயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தபோது அவருக்கு அவ்வளவாக வருத்தம் வரவில்லையாம். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு, ஒன்றில்கூடத் தப்பில்லை, உயிர்தான் இல்லை என்று முடித்திருந்தார்.

"யாருடி அந்தப் பாவப்பட்ட ஜென்மம்?" என்று நாரே சிரித்தாள்.

யேசுலின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தாள். நவீன இலக்கியம், மதிப்பெண் மாற்றம், பி பிளஸ். கீழே புதிய சராசரி. 3.77.

மணி நான்கு நாற்பது. முறையிட ஐந்து மணிவரை நேரம் இருந்தது. இருபது நிமிஷம் அவளுக்குத் தாராளம். இதைவிட நல்ல மெயிலாக எழுதிவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது ஆறாவதாக நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆறாவது ஆள் அவளுடைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு கட்டில்மேல் நின்றிருந்தாள்.

போனைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ஐந்தாவது ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"அடுத்த செமஸ்டரும் ஜன்னல் பக்கக் கட்டில் உனக்குத்தான்டி, நான் சண்டைக்கே வரமாட்டேன். இன்னைக்கு தொக்போக்கி சாப்பிடப் போவோம், என் கணக்கு. முதல்ல சாருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் அடிச்சுக் குடு, நீ எழுதினாத்தான் நல்லா இருக்கும்" என்று நாரே லேப்டாப்பை அவள் மடியில் வைத்தாள்.

யேசுல் கையைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

இந்த முறை உயிரில்லாமல் எழுதிப் பார்த்தாள். வரவில்லை.